துறையில் எரித்த பந்தக்கால்

திட்டில் இருந்த கல்யாண முருங்கை மரங்களைக் கொன்றது நீ. பூச்சி காற்றில் வந்தது என்று நீ சொல்லிக்கொள்ளலாம். அது உன் கல்யாணக் காரில் வந்தது. இதைப் போனில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் சிக்னல் போய்விடுகிறது. பெற்றவள் தனியாக ஒரு கடிதம் போட்டால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய், உன் பெண்டாட்டி கண்ணில்கூடப் படாது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. நம் துறையில் படகேறியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் பெயர் வேண்டியிருக்காது.

அடுத்த மாதம் நீ கிளம்புகிறாய். மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பச் சொன்னாய், கார் அனுப்புகிறேன் என்றாய். நான் வரவில்லை. நீ போகிற இடம் ஒரு தீவு. உலகத்தில் வேறெங்கும் முளைக்காத ஒரு மரம் அங்கே இருக்கிறது, நம் கல்யாண முருங்கைக்குத் தங்கை முறை என்றாய். நம் மரத்தைத் தின்ற அதே பூச்சி அங்கேயும் இறங்கி அதைத் தின்கிறது. அந்த மரத்தைக் காப்பாற்றுகிற ஆராய்ச்சி நிலையத்தில் உனக்கு வேலை. அந்த ஊரில் விமானத்தை விட்டு இறங்குகிறவன் செருப்பில் ஒட்டியிருக்கிற மண்ணைக்கூடக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். இன்டர்வியூவில் நம் திட்டைப் பற்றித்தான் பேசினாயாம். சுற்றுவட்டாரம் முழுக்க மரம் செத்துக்கொண்டிருந்தபோது ஒரு திட்டை மட்டும் வருடக்கணக்காகச் சுத்தமாக வைத்திருந்தோம் என்று சொல்லி, துறையில் ஒரு கிளை எரிகிற போட்டோவைக் காட்டினாயாம். அவர்கள் அசந்துபோனார்களாம். அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். உன் காலேஜ் கூட்டாளி எடுத்தது. நடுவில் தீ. இந்தப் பக்கம் நீ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட லென்ஸ். அந்தப் பக்கம் இரண்டு கைகள் மட்டும் தெரியும், கும்பிட்டபடி. அது யாருடைய கை என்று அவர்கள் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் இருக்கிறது நம் திட்டு. கோடையில் மணலில் நடந்தே வந்துவிடலாம், தண்ணீர் வந்துவிட்டால் படகுதான். கொஞ்சம் வயல், கொஞ்சம் வாழை, மீதியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். மற்ற ஊர்களில் வெற்றிலைக் கொடியை அகத்தியில் ஏற்றுவார்கள். நாம் முருக்கில் ஏற்றுவோம். கல்யாண முருங்கையைத் திட்டில் அப்படித்தான் சொல்வது. கிளையை வெட்டி நட்டாலே பிழைத்துக்கொள்ளும், முள் இருப்பதால் மாடு வந்து உரசாது. கொடிக்காலுக்கு வெளியே, கரையோரத்தில், யாரும் நடாத பெரிய மரங்கள் நின்றன. மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் சிவப்பாக நிற்கும். லாரிகள் வந்து ஆற்றைக் குழி குழியாகத் தோண்டி, மெட்ராஸிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி எழும்ப எழும்ப இங்கே நம் கரை சரிந்தது. சரிந்ததை அந்த மரங்களின் வேர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட இரண்டு கரையிலிருந்தும் கிளை கேட்டு ஆட்கள் வருவார்கள். உன் அப்பா உயிரோடு இருந்தவரை யாருக்கும் இல்லையென்றதில்லை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே மரத்திலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார். கிளையை வெட்டித் தோளில் சுமந்து படகில் ஏற்றிவிடுவது நம் கொடிக்கால் ஆள் கோவிந்தன். அந்தக் கிளையை நட்ட பந்தலுக்குள் மேலத்தெருக்காரர்கள் கோவிந்தனை விடமாட்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டேதான் நீ வளர்ந்தாய். அதனால் உனக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நீ விவசாயக் கல்லூரியில் இரண்டாவது வருடம் படித்தபோது அந்தப் பூச்சி வந்தது. முதலில் வடகரையில். இலைக்காம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி, இலை சுருண்டு, அடுத்த மாசிக்குள் மரம் மொட்டையாகிவிடும். பூக்காது, துளிர்க்காது, தொட்டால் பட்டை உதிரும். நீ லீவில் வந்தாய். வடகரையிலிருந்து ஒரு முடிச்சைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, பிளேடால் இரண்டாக வகுந்து, லென்ஸை என் கையில் கொடுத்தாய். உள்ளே அறை அறையாக இருந்தது, அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. அது ஒரு குளவி என்றாய். கொசுவைவிடச் சின்னது, நம் நாட்டுப் பூச்சியே இல்லை, எந்தக் கப்பலிலோ எந்தச் செடியோடோ வந்து இறங்கியது என்றாய். முடிச்சில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தால் உள்ளே இருந்தது பறந்துபோய்விட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு கிளையை எரித்தும் பயனில்லை என்றாய். நீ சொல்லிக்கொடுத்தாய், நான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசினாய். நம் கிளையை வெளியே கொடுக்கலாம், வெளிக் கிளை எதுவும் திட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் துறையிலேயே எரிக்க வேண்டும் என்று பேசி முடித்தாய். மாரியம்மன் கோவில் முன்னால் எல்லாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். முதலில் அணைத்தது உன் கை.

அடுத்த தை மாதம் ஜெயாவுக்குக் கல்யாணம். ஜெயா கோவிந்தனின் ஒரே மகள். கோவிந்தன் நம் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவர், உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தவர். மாப்பிள்ளை வடகரை. மாப்பிள்ளை வீட்டுக் கிளையையும் பெண் வீட்டுக் கிளையையும் சேர்த்துக் கட்டித்தான் பந்தக்கால் நட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். திட்டில் இப்படி ஒரு சத்தியம் இருக்கிறது, வேண்டாம் என்று கோவிந்தன் நடையாய் நடந்து சொல்லியிருக்கிறார். எங்கள் வழக்கத்தை மாற்றச் சொல்ல உங்கள் திட்டுக்காரன் யார் என்று கேட்டுவிட்டார்கள். மேளத்தோடு படகு துறைக்கு வந்தபோது நீ நாலு பையன்களோடு அங்கே நின்றாய். கிளையைப் பிடுங்கி மணலில் போட்டாய். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலை கட்டிய கிளை. மாப்பிள்ளையின் அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மேளக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தான். கோவிந்தன் உன் முன்னால் வந்து கும்பிட்டார்.

"தம்பி, பாத்துட்டாவது எரிங்க தம்பி. கழுத்துல கண்ணாடி கெடக்குல்ல, ஒருதரம் வெச்சுப் பாருங்க. பூச்சி இருந்தா நானே கொளுத்தறேன்."

"பாக்க வேண்டியதில்ல" என்றாய் நீ. "வெளிய இருந்து வந்தா எரிக்கணும். பேச்சு அவ்வளவுதான்."

பச்சைக் கிளை, லேசில் பிடிக்கவில்லை. மறுபடியும் மண்ணெண்ணெய் ஊற்றினாய். உன் கூட்டாளி போட்டோ எடுத்தான். லென்ஸ் உன் நெஞ்சில் ஆடிக்கொண்டே இருந்தது, நீ அதைத் தொடவில்லை. நானும் அன்றைக்கு உன் பக்கம்தான் நின்றேன். சத்தியம் சத்தியம்தான், ஏழை வீட்டுக் கல்யாணம் என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அந்தச் சட்டம் தப்பென்று நான் சொல்லவில்லை. மேலே படி.

ஜெயாவின் கல்யாணம் ஒற்றைக் கிளையோடு நடந்தது. பந்தக்காலை எரித்துவிட்டு வந்தவள் என்றுதான் புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயர். பால் திரிந்தால் அதுதான் காரணம். வயிற்றில் தங்கியது கலைந்தபோது அதுதான் காரணம். மாப்பிள்ளை கட்டட வேலைக்குத் துபாய் போய், சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்து இறங்கியபோது வேறு காரணம் தேட யாருக்கும் அவசியமே இல்லாமல் போயிற்று. அவனைப் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஏற்றிவிட்டவன் மேல் ஒரு வார்த்தை இல்லை, ஏஜென்ட் மேல் ஒரு வார்த்தை இல்லை. கருமாதி முடிந்த கையோடு அவளைப் படகில் ஏற்றிவிட்டார்கள். மாமியார் துறைவரைக்கும் வந்தாளாம். "உங்க ஊரு மரம் நல்லாருக்கட்டும்டி. நீ போயி அதக் கட்டிக்கிட்டு அழு" என்றாளாம். இதை ஜெயா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் இப்போது நம் கொடிக்காலில் அப்பாவோடு வெற்றிலை கிள்ளுகிறாள். குடிசை கீழக்கரையில், ஆற்றை ஒட்டி.

இனி உன் கல்யாணம். உன் மாமனார் கும்பகோணத்தில் ரைஸ் மில்லும் உரக்கடையும் வைத்திருப்பவர். மண்டபம், மேடை, பூ, சாப்பாடு, பந்தக்கால் எல்லாம் சேர்த்து ஒரே காண்ட்ராக்டரிடம் பேக்கேஜ். நான் திட்டிலிருந்து ஒரு கிளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். "காண்ட்ராக்டரு கொண்டாந்துட்டாரும்மா, இது எதுக்கு இப்ப" என்றாய். அது செருப்பு விடுகிற இடத்தில் கல்யாணம் முடிகிறவரை கிடந்தது. பந்தக்கால் நடும்போது நான் பக்கத்தில் வரக்கூடாது, தாலியறுத்தவள். சமையற்கட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலி எல்லா மண்டபத்திலும் இருக்கிறது, அதற்காக நான் தனியாக அழ ஒன்றுமில்லை. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டுப் போய், சுமங்கலிகள் நடுவில் நின்று கிளைக்குப் பால் ஊற்றினாய். அந்தக் கிளை எங்கே வெட்டியது, அதன் இலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்ததும் பந்தக்கால் கிளையைப் பிள்ளை வீட்டு மண்ணில் நட வேண்டும், அது துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்று உன் மாமியாருக்கு நம்பிக்கை. ஜெயாவின் வடகரை மாமியாருக்கும் கிளைமேல் இப்படி ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அவளுக்கு ரைஸ் மில் இல்லை. உன் மாமனார் காரில் கிளையோடு கரைக்கு வந்து, படகில் ஏறி, வீடியோக்காரன் முன்னால் நடக்க, நீங்கள் ஊர்வலமாகத் திட்டுக்கு வந்தீர்கள். துறையில் யாரும் நிற்கவில்லை. உன்னோடு அன்றைக்கு நின்ற பையன்களில் இரண்டு பேர் சிங்கப்பூரில், மீதி இரண்டு பேர் உன் மாமனாருக்குச் சால்வை போட வரிசையில். படிச்ச பிள்ளை, பார்த்துதான் கொண்டுவந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கரையோரத்து மரங்களுக்கு நடுவில் குழி வெட்டியிருந்தது. "சம்பந்தியம்மா, நீங்க கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் உன் மாமியார். நான் வாழைக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் கிளையில் இலைக்காம்புகள் தடித்துத் தெரிந்தன.

"அதப் பாத்தியாடா?" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். உன் மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் என் குரல்.

"பாத்தேம்மா. ஒன்னுமில்ல. நீ சும்மா இரு" என்றாய்.

"அம்மாவ கொஞ்சம் பின்னாடி போகச் சொல்லுங்க சார், ஃப்ரேம்ல வர்றாங்க" என்றான் வீடியோக்காரன். கோவிந்தன் படகுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கிளையையே பார்த்தார், அப்புறம் உன்னைப் பார்த்தார். "பாத்துட்டீங்களா தம்பி? சரி" என்றார். அந்த மனிதர் உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான்.

நீங்கள் திட்டில் தங்கியிருந்த நாளெல்லாம் உன் பெண்டாட்டி காலையில் குளித்துவிட்டு முதல் வேலையாக அந்தக் கிளைக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு என்ன தெரியும், யார் சொன்னார்கள்? கொல்லையில் உன்னைத் தனியாகப் பிடித்து, பிடுங்கி எரித்துவிடுகிறேன் என்றேன். "அவ கெளம்பற வரைக்கும் விடும்மா, மனசு கஷ்டப்படுவா" என்றாய். ஒன்றுமில்லை என்று ஊர் முன்னால் சொன்னவன், கொல்லையில் அந்தப் பேச்சை மறந்துவிட்டாய். நான் விட்டேன். அது என் முட்டாள்தனம், அதை இங்கே விரித்து எழுதி உன்னிடம் இரக்கம் வாங்கப்போவதில்லை. நீங்கள் ஏறிய படகு அக்கரை சேர்வதற்குள் கிளையைப் பிடுங்கிவிட்டேன். வீட்டுக்கு எடுத்துவந்து, நீ விட்டுப்போன பழைய லென்ஸை வைத்துப் பார்த்தேன். பார்க்காத முடிச்சு ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றிலும் ஓட்டை.

முதல் வீக்கம் குழிக்குப் பக்கத்து மரத்தில் வந்தது. அப்புறம் அதற்கடுத்த மரத்தில். கரையோரம் முடிந்து கொடிக்காலுக்குள் வந்தது. நானும் ஜெயாவும் கோவிந்தனும் முள்ளில் ஏறி வீங்கிய நுனிகளை அறுத்து, யூரியாச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மணலில் கொண்டுபோய் எரித்தோம். அறுத்த இடத்தில் இளந்துளிர் வரும், குளவிக்கு இளந்துளிர்தான் வேண்டும். மறுபடி அறுப்போம். ஜெயாவின் கையும் காலும் முள் கிழித்துப் புண்ணாகி, ஆறுவதற்குள் அடுத்த மரம். உனக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அடிமரத்துல ஓட்டை போட்டு மருந்து ஊத்துங்கம்மா, இலைவரைக்கும் ஏறும், பூச்சி சாவும்" என்றாய். மரத்தில் ஏறியிருக்கிற வெற்றிலை பச்சையாக வாயில் போடுகிற பொருள், விஷம் பட்டதை எவன் தலையில் கட்டுவது என்று கேட்டேன். "அப்ப கொடிய எடுத்துருங்க" என்றாய். கொடியை எடுத்துவிட்டுத் திட்டில் என்ன தின்பது என்று கேட்க வாய்வரை வந்தது. அந்த மருந்து உன் மாமனார் கடையில் கிடைக்கிறது என்பதையும் நீயே சொன்னாய்.

மரம் பட்டதும் கொடி சரிந்தது. சிலர் மூங்கில் ஊன்றிப் பார்த்தார்கள், நிழல் இல்லாமல் வெற்றிலை கருகியது. நம் கொடிக்காலில் வாழை நிழலில் நின்ற கொஞ்சம் கொடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொடிக்காலை அழித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போனவர்கள் இருக்கிறார்கள். போன மழைக்குக் கரையோரத்தில் செத்து நின்ற பெரிய மரங்கள் மண்ணோடு பெயர்ந்து ஆற்றில் போயின. கீழக்கரைக் குடிசைகளில் பாதி இப்போது இல்லை. ஜெயாவின் குடிசைக்குப் பின்னால் ஒரே ஒரு மரம் நிற்கிறது. அதில் கொடி ஏற்றியதில்லை, அதனால் கோவிந்தன் அதில் மட்டும் துளை போட்டு மருந்து ஊற்றியிருக்கிறார். மருந்தை நான்தான் உன் மாமனார் கடையில் வாங்கினேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து, மாப்பிள்ளை வெளிநாடு போகிற விஷயத்தைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிழைக்குமா என்று இந்த மாசியில் தெரியும். பூத்தால் பிழைத்தது. அதன் வேர் பிடித்திருக்கிற மண்ணில்தான் அந்தக் குடிசை நிற்கிறது.

பூச்சி எப்படியும் வந்திருக்கும் என்று நீ ஒருமுறை சொன்னாய், காற்றில் மைல்கணக்காகப் பறக்குமாம். இருக்கலாம். வடகரையில் அது வந்து வருடங்கள் ஆகியும் ஆற்றைத் தாண்டி ஒன்றும் வரவில்லை, உன் கிளைக்குப் பக்கத்து மரத்தில்தான் முதலில் வந்தது என்று நானும் சொல்வேன். அந்த வழக்கை நீயும் நானும் சாகிறவரை நடத்தலாம். ஆனால் உன் கல்யாண டிவிடி என்னிடம் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு அதைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை. மண்டபத்தில் பந்தக்கால் நடுகிற இடம் வருகிறது. பெண்கள் மஞ்சள் தடவுகிறார்கள். நீ குனிகிறாய். ஒரு இலையைப் பிடித்துக் கட்டைவிரலால் திருப்புகிறாய். காம்பைத் தடவுகிறாய், இப்படியும் அப்படியும். உன் முகம் மாறுகிறது. பெற்றவளுக்கு அந்த முகம் தெரியும், பரீட்சையில் படித்த கேள்வி வராதபோது அப்படித்தான் வைத்துக்கொள்வாய். அப்புறம் உன் மாமனார் தோளைத் தொடுகிறார். நீ நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். கோவிந்தன் வீட்டுக் கிளையைப் பார்க்காமல் எரித்தாய். உன் மாமனார் வீட்டுக் கிளையைப் பார்த்துவிட்டு நட்டாய். இதைத்தான் நான் உன்னிடம் போனில் சொல்ல வந்தேன், ஒவ்வொரு முறையும்.

பிள்ளை வெளிநாடு போகும்போது தாய் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத மாட்டேன், உன் உடம்பைப் பார்த்துக்கொள்ள உனக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தீவிலும் ஒரு துறை இருக்கும், நீ அங்கே நிற்பாய். நம்மைப் போன்ற யாராவது ஊரிலிருந்து ஆசையாகப் பையில் ஒரு கிளையோ கிழங்கோ வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதைப் பிடுங்குவது உன் வேலை என்றால் பிடுங்கு. பிடுங்குவதற்கு முன்னால் பார். அவர்களுக்குப் பின்னால் நல்ல கோட்டுப் போட்டவன் ஒருவன் வருவான், உன் மேலதிகாரிக்கு வேண்டியவனாக இருப்பான். அவன் பையையும் திற. அது முடியாது என்று தோன்றினால் வேலையை விட்டுவிட்டு வேறு எதையாவது விற்றுப் பிழைத்துக்கொள். உன் பெண்டாட்டியிடம் நட்ட கிளை மரமாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. "அத்தை, நம்ம மரம் இந்த வருஷம் பூக்குமா?" என்று போன வாரம் கேட்டாள். அவளுக்குப் பதில் இதுதான். இதைப் படிக்கட்டும்.

இதுவரை எழுதியதும் கீழக்கரைக்குப் போய் ஜெயாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றி ஊரறிய எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாமல் போடக்கூடாது. அவள் வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டாள். டிவிடி வந்த இடத்தில் கை நின்றது. கோவிந்தன் குடிசைக்குள் படுத்திருந்தார், எழுந்து வரவில்லை. இந்தப் பிள்ளையைப் பெற்றதற்கு நான் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் அதற்கு விடவில்லை.

"அதெல்லாம் வேணாம்மா. என் பந்தக்கால்ல பூச்சி இருந்துச்சா, அத மட்டும் கேட்டு எழுதுங்க" என்றாள். "இருந்துச்சுன்னா எரிச்சது நியாயம்னு விட்டுருவேன். எம் மாமியா பேசுனதையும் விட்டுருவேன்."

இல்லையென்றால் என்ன செய்வாள் என்று அவள் சொல்லவில்லை. நீ அதைப் பார்க்கவே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றபோது அவள் மஞ்சள் பூசிய முகத்தோடு அங்கேதான் நின்றாள். தெரிந்தும் கேட்கிறாள். மறுநாள் நான் உனக்குப் போன் செய்து, அவள் கேட்டதை அவள் கேட்ட மாதிரியே கேட்டேன். அந்தப் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது, அது நின்றது. அப்புறம் சிக்னல் சரியில்லை என்றாய்.

திட்டில் இப்போது டவர் போட்டுவிட்டார்கள். கரை போன இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஜெயாவின் குடிசை வாசலில்கூடச் சிக்னல் நன்றாக வருகிறது. என் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், நீ விமானம் ஏறுகிறவரை அது அவளிடம்தான் இருக்கும். கூப்பிட்டு, அவள் கிளையில் பூச்சி இருந்ததா இல்லையா என்று அவளிடம் சொல்.